சுசீலாபாய் உட்கார்ந்த மணல்

மணல்முக்கு என்று சொன்னால் திருவனந்தபுரத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. விழிஞ்ஞத்தில் கப்பல் வந்து நிற்பதை ஊர் உலகமே பார்க்கிறது. அங்கிருந்து தெற்கே கொஞ்சம் வந்தால் இப்படி ஒரு ஊர் இருப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. மொபைலில் மேப்பைத் திறந்தால் நான் தண்ணீருக்குள் நிற்பதாகக் காட்டுகிறது. நான் வன்னியராஜ். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். கழக்கூட்டத்தில் ஃபிளாட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிற ஜேசிபி டிரைவர். வருஷா வருஷம் மழைக்காலத்தில் பஞ்சாயத்து கூப்பிட்டால் இங்கே வருவேன், பொழி வெட்ட.

பொழி வேறொன்றுமில்லை. ஆறு கடலில் சேரும் வாயைக் கடல் மணலைக் கொட்டி அடைத்துவிடும். அந்த மணல்திட்டுதான். மழை பெய்தால் ஆறு போக வழியில்லாமல் உள்ளே ஏறி, வாழைத்தோட்டத்திலும் வீட்டிலும் போய் நிற்கும். மணலை வெட்டிவிட்டால் வடிந்துவிடும். இதில் என்னய்யா கஷ்டம் என்று ஆபீசில் உட்கார்ந்து கேட்டுவிடலாம். இந்த ஊர் மீன்பிடி வள்ளங்கள் கரையேறுவதும் அதே மணலில்தான்.

அந்த மணலின் தென்கோடியில் சுசீலாபாயின் வீடு. ஐம்பது தாண்டியவர். பிறந்தது ஆற்றங்கரையில் வாழை போடுகிற குடும்பத்தில். கடலுக்குப் போகிற சுவாமிதாஸை விரும்பிக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அன்றைக்கு முகத்தைத் திருப்பிய அண்ணன் ராஜையன் இன்னும் திருப்பியபடிதான். ஞாயிற்றுக்கிழமை ஒரே சர்ச்சில் ஒரே பாட்டைப் பாடுவார்களாம், பேச்சு மட்டும் கிடையாது. மகன் பிபின் தாய்மாமன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நல்லா இருக்கு உறவு!

சுசீலாபாய் அலுமினியச் சருவத்தில் மீனை ஏற்றிக்கொண்டு களியிக்காவிளைச் சந்தைக்கு பஸ்ஸில் போவார். மீனைப் பார்த்து மூக்கைப் பொத்தும் கண்டக்டரைத் தமிழில் ஏசிவிட்டு, மலையாளத்தில் சமாதானமும் செய்துவிடுவார். பொழி வெட்ட வரும் எனக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் அவர் வீட்டில்தான். "ஏ பாண்டித் தம்பி, எரிவு தாங்குமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எங்கள் ஊர்க் காரத்தைப் பார்த்திராத அம்மா.

இந்த ஐப்பசியில் நான் போனபோது அவர் எதுவும் கேட்கவில்லை. வெட்டுவதற்குக் கம்பு நட்டிருந்த இடத்தில், மழையில், மணலில் உட்கார்ந்திருந்தார். கையில் மொபைல்.

"யக்கா, எந்திரிங்க. வண்டி வருது."

"வரட்டும். எங்க வள்ளம் வரல்ல."

மழை எச்சரிக்கை வருவதற்கு முன்பே சுவாமிதாஸும் பிபினும் கடலுக்குப் போய்விட்டார்கள். மற்ற வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி.

"போகும்போ இங்க மணலு. வரும்போ இங்க ஆறு," என்றார். "இந்த மழையில கரை தெரியுமா தம்பி? அவிய கண்ண மூடிட்டு இங்கதான் ஏத்துவாவ."

பொழி திறந்ததும் ஆறு பாய்கிற வேகமும் கடல் அலையும் மோதுகிற இடத்தில் வள்ளம் நிற்காது, கவிழ்த்துவிடும். அதற்காகவே பொழி திறந்திருந்தால் கம்பில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணியைக் கண்டால் வள்ளக்காரர்கள் திரும்பி விழிஞ்ஞத்துக்குப் போய்விடுவார்கள். அன்றைய மழையில் பத்தடி தள்ளி நின்றால் கம்பே தெரியவில்லை.

பஞ்சாயத்து மெம்பர் குடையோடு ஓடிவந்தார். மேலே அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டார்களாம். கடல் இறங்குகிற நேரத்தில் வெட்டினால்தான் ஆறு வெளியே போகும், ஏற்றத்தில் வெட்டினால் கடல் மறுபடியும் அடைத்துவிடும். இப்போது விட்டால் சாயங்காலம்தான். அதற்குள் ஆற்றங்கரை மண்சுவர் வீடுகள் நிற்காது. அவர் சொன்னதும் நியாயம். சுசீலாபாய் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் என் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஏன்டா இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று இருந்தது.

சுசீலாபாய் ஸ்பீக்கரில் போட்டு மறுபடி மறுபடி அழைத்தார். நீங்கள் அழைக்கிற ஆள் பரிதிக்குப் புறத்து, எல்லைக்கு வெளியே, என்று மலையாளத்தில் ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். அவளைக் கூப்பிட்டு நாலு அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

அப்போதுதான் ராஜையன் வந்தார். இடுப்புவரை சேறு. நேராகத் தங்கையின் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளே... வெள்ளம் கட்டிலுக்கு மேல கேறியாச்சு. பக்கத்து வீட்டுல பேறு கழிஞ்ச பொண்ணு, பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு அட்டாலிப் பரணுல இருக்கா. எழும்பு."

"அங்க கடல்ல கெடக்கது உங்களுக்கு யாரு?" என்று கேட்டார் சுசீலாபாய். அழுகை இல்லை, கேள்விதான்.

ராஜையன் திரும்பி நடந்தார். போய்விட்டார் மனுஷன் என்று நான் பல்லைக் கடித்தேன். ஆனால் திரும்பி வந்தார், தோளில் பெரிய சிவப்புத் துணியோடு. ரோட்டு முக்கில் கட்டியிருந்த கட்சிக் கொடியை அவிழ்த்து வந்திருக்கிறார். கேரளத்தில் சிவப்புத் துணிக்கா பஞ்சம்! கொடியை என்னிடம் நீட்டி, வண்டியின் கையை அண்ணாந்து பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"யக்கா, வெட்டி முடிச்ச கையோட இத பக்கெட்டுல கட்டி மேல தூக்கிருதேன். லைட்டையும் போடுதேன். தென்னை உசரத்துக்கு நிக்கும்."

சுசீலாபாய் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணலில் கையூன்றி எழுந்தார்.

"வெட்டு," என்றார்.

வெட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஆறு மிச்ச மணலைத் தானே உடைத்துக்கொண்டு பாய்ந்தது. வண்டியைப் பின்னால் மேட்டுக்கு ஏற்றி, கொடியைக் கட்டி, பக்கெட்டை முடிந்தமட்டும் தூக்கினேன். விளக்கு எல்லாவற்றையும் போட்டேன். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா நிற்பது இருக்கிறதே, சாமி, அதைப்போல வேதனை இல்லை.

மழை கொஞ்சம் குறைந்தபோது ஒரு வள்ளம் தெரிந்தது. நேராக வாய்க்குத்தான் வந்தது. நான் ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன், அலைச் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? சுசீலாபாய் அலை காலை நனைக்கிற இடம்வரை போய் நின்றார். அலை தூக்கியது, வள்ளம் மறைந்தது, மறுபடி தெரிந்தது. முகப்பு வடக்கே, விழிஞ்ஞம் பக்கம் திரும்பியிருந்தது. அதில் ஒரு தலைதான் தெரிந்தது.

"ஒரு ஆளு," என்றார். "தம்பி, ஒரு ஆளுதானே?"

"ரெண்டு பேரு யக்கா," என்றேன். நான் பார்த்ததும் ஒன்றுதான். மழை அதையும் மறைத்துவிட்டது.

அவர் கடலைப் பார்த்தபடியே நின்றதால் தெற்கே நடந்ததைப் பார்க்கவில்லை. பொழி திறந்த ஆறு எந்தப் பக்கம் தின்னும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது தெற்கே திரும்பியிருந்தது. முதலில் சுசீலாபாய் வீட்டுத் தென்னை சாய்ந்தது. அப்புறம் அடுக்களைச் சுவர். வெட்டினது நான். "யக்கா, வீடு!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. ராஜையன்தான் ஓடினார். கிடைத்ததை வெளியே வீசினார். கடைசியில் மீன் சருவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, ஆற்றங்கரைப் பக்கம் வெள்ளம் இறங்கிவிட்டிருந்தது. சுசீலாபாயின் மொபைல் அடித்தது.

"அம்மா, விழிஞ்ஞத்துல கேறியாச்சு. அப்பாவும் உண்டு. குனிஞ்சு வள்ளத்துல நெறஞ்ச வெள்ளம் கோருனதுல முதுகு பிடிச்சுப்போச்சு, அவ்வளவுதான். சிவப்பு கண்டோம், அம்மா." பிபினுக்கு மூச்சு வாங்கியது. "வண்டி பிடிச்சு வீட்டுக்கு வாறோம்."

சுசீலாபாய் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். முன்வாசல் நிலை மட்டும் நின்றது. அதற்குப் பின்னால் தண்ணீர்.

மொபைலை வாயருகே கொண்டுபோனார். அண்ணனைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

"வீட்டுக்கு வேண்டாம் மக்களே. மாமன் வீட்டுக்கு வாங்க."

ராஜையன் சருவத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்.