வடத்தின் முன்னால் ஓர் இடம்

பேசும் பெட்டி எங்கள் மிஷன் வளாகத்துக்கு வந்தபோது நான் அங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்கூடம், கோயில், ஆஸ்பத்திரி மூன்றும் ஒரே மதிலுக்குள் இருந்தன. ஆஸ்பத்திரி டாக்டரின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஊருக்கும் முதலில் வந்து குடியேறியவர்கள் யார், எப்படி வந்தார்கள் என்று சொல்லும் பாட்டுகளைச் சேகரித்துத் தம் நாட்டுக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை. வேலையா பொழுதுபோக்கா என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பெட்டியின் மேல் ஒரு மெழுகு உருளை சுற்றும். அகன்ற குழலுக்கு முன்னால் நின்று பாடினால் ஊசி அந்த மெழுகில் கீறிக்கொண்டே போகும். பிறகு ஊசியை மாற்றி வைத்துச் சாவி கொடுத்தால், பாடியது அப்படியே திரும்பி வரும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் மெழுகு கொஞ்சம் தேயும் என்பதால் அம்மாள் எதையும் ஒரு தடவைக்கு மேல் போட்டுக் காட்ட மாட்டார்.

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு முகம் கழுவக்கூட நேரமில்லாமல் நான் அவர் பின்னால் அலைய வேண்டியதாயிற்று. குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் பாடியதை அட்டைக்கடிக்கு நடுவில் நின்று எழுதினேன். திற்பரப்பில் அருவியின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் பதியவில்லை. கோயில் பாடகர் குழுவுக்கு நான்கு குரல் பிரித்துக் கீதம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு பிள்ளை அரை சுரம் கீழே இறங்கினாலும் எனக்குத் தலை இடிக்கும். அப்படிப்பட்டவளை இந்தக் காட்டுப்பாட்டுக்கெல்லாம் கணக்கப்பிள்ளையாக வைத்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் வளாகத்துக்கு மீன் கொண்டுவருகிறவள் கடியப்பட்டணத்துக்காரி. கடற்கரையிலிருந்து கூடையைத் தலையில் வைத்து ஓட்டமும் நடையுமாக வந்து, வெயில் ஏறுமுன் விற்றுவிட்டுத் திரும்புவாள். ஒருநாள் அவளும் நானும் சாளை மீனுக்காக வாதாடிக்கொண்டிருந்ததை அம்மாள் எங்களுக்குத் தெரியாமல் பதிந்து போட்டுக் காட்டினார். என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. மீன்காரி சிரிக்கவில்லை. குழலின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, யார் பாடினாலும் இப்படித் திரும்பச் சொல்லுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சொல்லும் என்றேன்.

கொஞ்ச நாளில் அவள் கூடையில்லாமல் வந்தாள். உடன் அவளுடைய கணவர். தாடை வீங்கி, ஒரு பக்கம் துணி சுற்றியிருந்தது. காலமெல்லாம் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிய வாய். டாக்டர் பார்த்துவிட்டு, நாக்கில் பெரும்பகுதியையும் தொண்டையில் கொஞ்சத்தையும் எடுத்தால் ஆள் பிழைப்பார், ஆனால் குரல் இருக்காது, எடுக்காவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்கமாட்டார் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை அறுவை என்று முடிவாயிற்று. இதையெல்லாம் அவருக்குத் தமிழில் சொன்னவளும் நான்தான்.

வெளியே வந்ததும் அவள் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவர் கரைமடியில் அம்பா பாடுகிறவர். கரைமடி என்றால், வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு, அதன் வடத்தைக் கரையில் நின்று ஆட்கள் இழுப்பது. இழுப்பவர்களுக்குத் தாளம் தவறாமலிருக்க ஒருவர் முன்பாட்டுச் சொல்வார். மற்றவர்கள் அதை வாங்கிப் பதில் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர். பாடுகிறவருக்கு வடத்தின் முதல் இடம், அலை வந்து காலை நனைக்கிற இடம். குரல் போனால் அந்த இடமும் போய்விடும். அவருடைய சிற்றப்பன் மகன் நல்ல குரலோடு காத்திருக்கிறான். இவரைக் கிழிந்த வலை தைக்க நிழலில் உட்காரவைத்துவிடுவார்கள்.

"நாக்கு போனாலும் பரவாயில்ல டீச்சரம்மா. நிழல்ல இருந்தாருண்ணா மனுசன் செத்துப்போவாரு" என்றாள்.

அதனால் அவர் குரலைப் பெட்டியில் பிடித்துத் தர வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை சொன்னாள். மற்றவர்கள் பாடுவது வேண்டாம், அவர் குரல் மட்டும் போதும், ஆனால் பதில் பாட்டுக்கு இடம் விட்டு இருக்க வேண்டும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் சரி என்றேன். அம்மாளுக்கு வேறு ஆசை. அந்தக் கரைக்கு முதல் வள்ளம் வந்த கதை மீன்காரி கணவரின் அம்பாவில் இருக்கிறது என்று கேட்டதும் கையைத் தட்டினார். எல்லாரும் சேர்ந்து பாடுவதுதான் தமக்கு வேண்டும் என்றார். அப்படியானால் இரண்டு உருளை என்று பேசி முடித்தேன்.

மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குழலுக்கு முன்னால் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வலியா என்று கேட்டால் இல்லை என்கிறார். கடைசியில் மெல்லச் சொன்னார்: "கையில வடம் இல்லியே."

கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துப் பார்த்தோம். அது வாளி இறைக்கிற கயிறு, அதற்கு அம்பா வராது என்றுவிட்டார். பதில் சொல்ல ஆட்களும் வேண்டும். ஆட்களோ கடலில். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், காலைப் பூசை முடிந்ததும் வடத்தோடு வரச் சொல்கிறேன் என்றாள் மீன்காரி. ஞாயிறு எங்களுக்கு ஓய்வுநாள். எங்கள் வளாகத்தில் அன்று அடுப்பு மூட்டுவதற்கே யோசிப்பார்கள். கீதம் தவிர வேறு பாட்டு எழக்கூடாது. அவர்களுக்கு ஞாயிறு மட்டும்தான் ஆகும், எங்களுக்கு ஞாயிறு மட்டும் ஆகாது, திங்கட்கிழமையோ நாக்கு போய்விடும். போதகரிடம் போனேன். அவர் தாடியைத் தடவிவிட்டு, மதிலுக்கு வெளியே நடப்பது எதையும் தாம் பார்ப்பதற்கில்லை என்றார். அவரும் கடற்கரைப் பக்கத்துக்காரர்தான். இதைவிடப் பெரிய அனுமதி கிடைக்காது என்று நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, மதிலுக்கு அப்பால் புளியமரத்தடியில் கரைமடி ஆட்கள் வடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை நடந்த வியர்வையில் ஒட்டியிருந்தது. பெட்டியை ஒரு பெஞ்சின் மேல் வைத்தோம். வடத்தின் ஒரு நுனியைப் புளியமரத்தில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். மரம் வருமா? அம்பாவுக்கு ஒவ்வோர் அடிக்கும் கால் பின்னால் போக வேண்டும். வடம் நகராவிட்டால் பாட்டும் நகராது. இரண்டு வரியில் நின்றுவிட்டது.

அப்போது எங்கள் கம்பவுண்டர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். சபையில் மூப்பர், ஆள் நல்ல கனம். ஓய்வுநாளில் பென்சில்கூடச் சீவாத மனிதர். மேல்சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, "நான் கடலாட்டு இருக்கேன்" என்று வடத்தின் அந்த நுனியை மரத்திலிருந்து அவிழ்த்துப் பிடித்தார். அவருக்குப் பின்னால் நோயாளிகளுடைய சொந்தக்காரர்களும் தோட்டக்காரரும் பிடித்தார்கள். இந்தப் பக்கம் இழுக்க, அந்தப் பக்கம் கம்பவுண்டரின் கடல் இறுக்கிப் பிடித்து, அடியடியாக விட்டுக்கொடுத்தது.

பாட்டு வந்தது. தாடைத் துணியை அவிழ்த்துவிட்டு அவர் குழலுக்குப் பக்கத்தில் வடத்தின் முதல் ஆளாக நின்று பாடினார்.

"மூணு வள்ளம் ஏறின கரை" என்று அவர் சொல்ல, "ஏலோ ஏலேலோ" என்று ஆட்கள் வாங்கினார்கள். "மணலை விட்டா ஒண்ணுமில்ல" என்றார். "ஏலோ ஏலேலோ." அப்படியே கதை போனது. மூன்று வள்ளத்தில் வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. தோண்டிய இடமெல்லாம் உப்பு. திரும்பிப் போய்விடலாம் என்று ஆண்கள் வள்ளத்தைத் தள்ளும்போது, நிறைமாதக்காரி ஒருத்தி வரமாட்டேன் என்று ஒரு தாழைமூட்டில், தாழம்புதரின் அடியில், உட்கார்ந்துகொண்டு கையாலேயே மணலைப் பறிக்கிறாள். "தாழைமூட்டில் தண்ணி இனிச்சு" என்பது கடைசி வரி. அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு சுற்றுச் சுற்றி மேலே போய் நின்றது. என் கீதப் புத்தகத்தில் அதற்கு எழுத்து இல்லை. பொருமலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, நான் அந்த வரியை இரண்டு தடவை எழுதிவைத்தேன்.

இரண்டாவது உருளைக்கு ஆட்கள் வாயை மூடிக்கொண்டு வடத்தை மட்டும் இழுத்தார்கள். அவர் ஒவ்வொரு வரியாகப் பாடி, பதிலுக்கு உள்ள நேரத்தை விட்டு, மறுபடி பாடினார். முடித்தபோது வாயிலிருந்து இரத்தம் வந்தது. அவள் தன் முந்தானையால் துடைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் கேட்டாள்.

"பெட்டிய என்னைக்குக் கரைக்குக் கொண்டு வருவிய?"

எந்தப் பெட்டியை என்றேன். அவளுக்கு நான் கேட்டதே விசித்திரமாக இருந்தது. அவர் நின்ற இடத்தில் பெட்டியை வைத்தால் போதும், அவர் பக்கத்தில் நின்று சாவி கொடுப்பார், பெட்டி முன்பாட்டுச் சொல்லும், ஆட்கள் பதில் சொல்வார்கள், இடம் கைமாறாது என்றாள். இடையில் இடம் விடச் சொன்னது இதற்காகத்தான். ஆட்களும் சம்மதித்துத்தான் பத்து மைல் நடந்து வந்திருந்தார்கள். சிற்றப்பன் மகனும் அவர்களில் ஒருவன்.

பெட்டி அம்மாளோடு கப்பலில் போகிறது என்பதை நான்தான் சொன்னேன். உருளை மட்டும் இருந்தால் பாடாது, பெட்டியில் போட்டால்தான் பாடும் என்பதையும் சொன்னேன். வெறும் ஞாபகப்பொருள் கேட்கிறாள் என்று நினைத்த என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அம்மாளிடம் காட்டினேன். பெட்டியை விட்டுவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று என் நல்ல இங்கிலீஷில் கேட்டேன். பெட்டி தமக்குச் சொந்தமில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றார் அவர். கண் கலங்கித்தான் சொன்னார். இரண்டு உருளையில் ஒன்றை அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

இடம் விட்டு அவர் பாடிய உருளையை அவள் எடுத்துக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அறுவை நன்றாக முடிந்தது. காயம் ஆறியதும் அவர் ஊருக்குப் போனார். அம்மாளும் போய்விட்டார். வேறொருத்தி மீன் கொண்டுவந்தாள். மறுவருஷம் மழை விட்ட பிறகுதான் இவள் பழையபடி கூடையோடு வந்து நின்றாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கஞ்சி குடிக்கிறார் என்றாள். இப்போது அம்பா யார் பாடுகிறார்கள் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அவருதான்" என்றாள்.

உருளைக்குப் பெட்டி கிடைத்ததா என்றேன். உருளை மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது, மேலெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிட்டது என்றாள். பிறகு எப்படி என்று நான் கொஞ்சம் எரிச்சலோடு கேட்டேன். ஒருநாள் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துப் போட்டாள்.

பள்ளி விடுமுறையில் போனேன். நான் போன நேரம் வலை விட்டுவிட்டு வள்ளம் திரும்பியிருந்தது. ஆட்கள் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் ஆளாக, அலை காலை நனைக்கும் இடத்தில் அவர். தாடை ஒருபக்கம் உள்ளே போயிருந்தது. அவருக்கு அடுத்தாற்போல் சிற்றப்பன் மகன். மீன்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. கடலின் சத்தம் மட்டும் கேட்டது. வரி முடிகிற நேரம் ஆனதும் அவர் தலை தாழ்ந்தது. "ஏலோ ஏலேலோ" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் வாங்கி ஓர் அடி பின்னால் வைத்தார்கள். மறுபடி அவர் வாயைத் திறந்தார். மறுபடி அத்தனை பேரும் காத்திருந்தார்கள். யாரும் முந்தவில்லை. சிற்றப்பன் மகன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பாட்டு முழுதும் மனப்பாடம். புளியமரத்தடியில் வரிவரியாக எழுதியவள் ஆயிற்றே. இப்போது மூன்று வள்ளம், இப்போது மணல், இப்போது உப்புத்தண்ணீர் என்று மனசுக்குள் கூடவே போனேன். வலை கரையை நெருங்கியது. கடைசி வரி வந்தது. அவர் வாய் திறந்தது, தலை அந்தச் சுற்றுக்காக ஒருபக்கம் சாய்ந்தது. அந்த வரி சத்தமில்லாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை. "தாழைமூட்டில்" என்று நான் தொடங்கிவிட்டேன்.

மீன்காரி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வேண்டாம் டீச்சரம்மா. அவரு பாடிட்டிருக்காரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் அந்த வரியை முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்து, பிறகு இழுத்தார்கள்.