ரஞ்சித்தின் வியாழக்கிழமை

பூவரசன் வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் செருகியிருக்கிறது என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். விரல் நீளம்தான் இருக்கும். ஏரியில் இறால் பிடிக்கும் பூவரசனும் அவன் தம்பி ரஞ்சித்தும் சேர்ந்து பொன்னேரியில் பழசாக வாங்கிய ஸ்டிக் கம்ப்யூட்டர் அது. ஒரு பழைய கால்பந்து விளையாட்டு மட்டும் அதில் ஓடும். அதற்கே சூடேறித் திணறிவிடும். ஒருமுறை பூவரசன் அதைக் கழற்றி, இறாலுக்குச் செய்கிற மரியாதையை அதற்கும் செய்து, ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டான். ஈரம் கோத்துப்போய், அரிசிப் பானைக்குள் கிடந்து எப்படியோ பிழைத்தது. அதிலிருந்து டிவிக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேனையும் வைத்துவிட்டார்கள்.

ஆட வரும் கூட்டம் பெருகியதும் சண்டையும் பெருகியது. அண்ணன் தம்பி இருவரும் ஏரி வழக்கத்தையே டிவிக்கும் கொண்டுவந்தார்கள். ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் பிரித்துவைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். டிவியிலும் ஆளுக்கொரு பாடு. பாடு உள்ளவன் கூப்பிட்டால்தான் இன்னொருவன் கூட உட்காரலாம். வியாழன் ரஞ்சித்துடையது.

போன ஐப்பசியில்தான் வினை வந்தது. ஏரியில் ரஞ்சித்தின் பாடு வரும் நாளில் அவன் மீஞ்சூரில் மாமியார் வீட்டில் இருந்தான். எங்கே வரப்போகிறான் என்று பூவரசன் தானாகவே முடிவுகட்டி, அந்த இடத்தில் தன் வலையை இறக்கினான். அடித்துப்பிடித்து வந்த ரஞ்சித் கரையில் நின்று பார்த்தான். ஊர் கூடி, பிடித்த இறாலையெல்லாம் தம்பியிடம் கொடுக்கச் சொன்னது. பூவரசன் கொடுத்தான். வாங்கிக்கொண்ட ரஞ்சித் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

பூவரசனுக்கு நெஞ்சு அறுத்தது. தம்பியைத் தேடிப்போகக் கால் எழவில்லை. வியாழக்கிழமைகளில் டிவியைப் போடாமல் இருந்தான், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரன் கெஞ்சிப் பார்த்தான்.

"அவன்தான் வர்றதே இல்லியே, நான் ஆடுனா இன்னா?"

"வரமாட்டான்னு நெனச்சித்தானடா ஒரு தபா கெட்டேன்."

பூவரசனின் மனைவி சத்யாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "பேச வேண்டியவன்கிட்ட பேசாம டிவிக்கு வெரதம் இருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள். மறுநாள் மீன் ஏலத்தில் ரஞ்சித்தைப் பார்த்ததும் அவனிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அடுத்த வியாழன் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரஞ்சித் நேராக உள்ளே வந்து டிவியைப் போட்டான். அவனுடைய அணி அரையிறுதியில் அவன் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. கொஞ்சநேரம் அதையே பார்த்துவிட்டு ஆட ஆரம்பித்தான். பூவரசன் கதவோரமாக நின்றான். கூப்பிடாமல் எப்படி உட்காருவது?

"ண்ணா, இன்னிக்கி என் பாடுதானே?" ரஞ்சித் திரும்பாமலே கேட்டான்.

"ஆமாடா."

"அப்ப நான் கூப்ட்டா நீ வரணும்." இன்னொரு கண்ட்ரோலரைப் பின்பக்கமாக நீட்டினான்.

பூவரசன் அதை வாங்கிக்கொண்டான். "ரஞ்சித்து, அன்னிக்கி நான் செஞ்சது தப்புடா."

"தெரியும். மொதல்ல அந்த ஃபேன போட்டுட்டு உக்காரு. சூடாயிடப்போவுது."