வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

1912இல் முனிசிபாலிட்டி தேர்தல் வந்தபோது, ஓட்டு எழுதும் வேலை அந்த ஆபீஸ் குமாஸ்தா ரைட்டர் ஞானசிகாமணியின் தலையில் விழுந்தது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். அந்தப் படிப்பு இல்லாத யாரையும் மனுஷனாக மதித்ததில்லை.

வரி கட்டும் ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. அந்த வார்டில் அப்படி அறுபத்தொரு பேர். ரைட்டரும் அதில் ஒருவர். சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. உள்ளே வருகிறவன் யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், ரைட்டர் எழுதிக்கொள்வார். போட்டியிட்ட இருவரும் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அரிசி மண்டி பரமசிவன். ஊர் நெல்லெல்லாம் அவர் மண்டிக்குத்தான் போகும். மற்றவர் வக்கீல் கருத்தையா. யோக்கியர், ஆனால் யாரையும் கெடுக்கும் சக்தி இல்லாதவர்.

காலையிலிருந்து ஒவ்வொருவனாக வந்து மண்டிக்காரர் முகத்தைப் பார்த்தான், குனிந்தான், "அண்ணாச்சிக்கு" என்றான். முந்தின வாரம்தான் அவரைக் கொள்ளைக்காரன் என்று ஏசியவர்களும் அதையே சொன்னார்கள். புழுக்கள் என்று ரைட்டர் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே எழுதினார்.

மத்தியானம் செக்காட்டும் பூதத்தான் வந்தான். துண்டை இடுப்பில் கட்டவில்லை. மண்டிக்காரரை நேராகப் பார்த்து, "வக்கீலுக்கு எழுதும்" என்றான். பரமசிவன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். ரைட்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

கடைசிப் பெயர் ரைட்டருடையது. பக்கத்தில் உட்கார்ந்து தேர்தலை நடத்திய அதிகாரி ஏறிட்டுப் பார்த்தார். நாளைக்கு முனிசிபாலிட்டியில் யார் அதட்டுவார் என்பது ரைட்டருக்குத் தெரியும். "அண்ணாச்சிக்கு," என்றார், எல்லோரையும்விடச் சத்தமாக.

வீட்டில் மனைவி ஹெப்சிபா விசாரித்தாள். அவர் மறைக்கவில்லை. அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "எங்களுக்கு ஓட்டு இல்லாததும் நல்லதுக்குத்தான். இந்த வெட்கக்கேடு எங்களுக்கு இல்ல," என்றாள்.

பரமசிவன் ஜெயித்தார். பூதத்தானுக்கு எள் கொடுக்கக்கூடாதென்று அவர் சொன்னதும் ஊர் கேட்டுக்கொண்டது. இரண்டே மாதத்தில் அவன் செக்கைப் பெயர்த்துக்கொண்டு முக்கூடலுக்குப் போனான். ரைட்டர் மனசில் மட்டும் அவன் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனான். அந்த ஊரில் முதுகெலும்புள்ள ஒரே ஆள்.

மறு வருஷம் ஒரு கல்யாணத்துக்கு முக்கூடல் போனவர், அவனைத் தேடிப் போய், வக்கீலிடம் அப்படி என்ன நேர்மையைக் கண்டாய் என்று பணிவோடு கேட்டார்.

பூதத்தான் மாட்டை நிறுத்தாமலே சொன்னான்: "வக்கீலு யாருன்னே எனக்குத் தெரியாது வே. அந்த மண்டிக்காரரு எம் மாட்டப் பாத்து நொண்டின்னு சொல்லிட்டாரு. அதான்."

ரைட்டர் மாட்டைப் பார்த்தார். நன்றாகவே நொண்டியது. சிரிப்பு வரவில்லை. மாட்டுக்காகக் கோபப்பட்டவன் மண்டிக்காரர் முகத்துக்கு நேரே எதிர்த்துச் சொல்லிவிட்டான். பரமசிவன் செய்த அநியாயங்களை வருஷம் தேதியோடு ஒப்பிக்கத் தெரிந்த தாமோ, அந்தப் பரமசிவனுக்கே சத்தமாக ஓட்டுச் சொல்லிவிட்டு வந்தோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. கல்யாணப் பந்தியில் உட்காராமலே ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு தேர்தல் வந்தபோதெல்லாம் அவருக்கு வயிற்றுவலி வந்தது. லீவு எழுதிப் போட்டுவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொள்வார்.