கறுப்புக் கல் இருந்த இடம்

தென்னேரி ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு அரைக் காணி நிலம் இருக்கிறது. நான் பட்டு நெய்து வாங்கியது. போன ஐப்பசியில் அங்கே துளை போட ஆட்கள் வந்தார்கள். தண்ணீருக்கு இல்லை, அடியில் நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்க. உலக்கை கனத்துக்கு உருளை உருளையாகக் கல்லை எடுத்து நீளப் பெட்டிகளில் அடுக்கினார்கள். மழை பிடித்துக்கொண்டதால் ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் ஒரே சேறு. என் வீட்டில் சேறு கிடக்க நான் விட்டதில்லை. ஒவ்வொரு கல்லாகச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். நடுநடுவே எண் எழுதிய மரக்கட்டைகள் இருந்தன, அவற்றையும் தேய்த்தேன். எண்ணும் போயிற்று. பிறகு எனக்குத் தெரிந்த விதத்தில் அடுக்கினேன். ஒரு சாயத்து நூலோடு வேறு சாயம் கலந்தால் சேலையில் கோடு விழும், அதனால் நாங்கள் நிறம் பார்த்துத்தான் வைப்போம். மஞ்சள் கல் ஒரு பெட்டி, சாம்பல் ஒரு பெட்டி. கறுப்பு ஒரு முழம்தான் இருந்தது. அதில் இலை பதிந்திருந்தது. கல்லுக்குள் இலை எப்படிப் போயிற்று என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் வந்த அதிகாரிப் பெண் பெட்டியைத் திறந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு ஆயா இத மாத்தி வச்சது?"

"நான்தாம்மா. எவ்ளோ அழுக்கு! உங்க ஆளுங்க தொடைக்கவே மாட்டாங்களா?"

"அய்யோ ஆயா, மேலேர்ந்து அடி வரைக்கும் பூமி எப்படி இருக்குதோ அப்படியே வச்சு, எத்தினி ஆழம்னு கட்டையில எழுதியிருந்தோம்."

தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைப்பது போல, உடைந்த முனைகளைப் பொருத்திப் பொருத்தி இருவரும் வரிசையைத் திரும்பச் சேர்த்தோம். கறுப்பு மட்டும் தண்ணீரில் ஊறி முனை உதிர்ந்து போயிருந்தது. அது இருந்திருக்கக்கூடிய, முனை சேராத இடம் இரண்டு இருந்தது. மேலே ஒன்று, அடியில் ஒன்று.

"இதுலதான் கரி இருக்குது ஆயா. அடியில இருந்துதுன்னா தோண்ட மாட்டாங்க. மேல இருந்துதுன்னா நெலத்தக் கேப்பாங்க. எங்கேர்ந்து எடுத்தீங்க?"

சமையலறையிலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "கடைசிப் பெட்டின்னு சொல்லுங்க அத்தே! வாயில இன்னா கொழுக்கட்டையா?"

கழுவின தண்ணீர் மை போலக் கறுத்தது நினைவிருக்கிறது. அது முதல் வாளியா, கடைசி வாளியா? காப்பிக்கு முன்பா, பின்பா? ஒரு நினைப்பு மேலே என்றது, ஒரு நினைப்பு அடியில் என்றது. எங்கே என் ஆசை பேசுகிறது, எங்கே என் ஞாபகம் பேசுகிறது என்றே தெரியவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். மருமகள் முன்னால் அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை.

"பரவால்ல ஆயா. பக்கத்துலயே இன்னொரு தொளை போட்டுப் பாத்துடலாம்."

இப்போது வரப்பில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் வந்துவிட்டது. சாம்பல் வந்துகொண்டிருக்கிறது. கல்லை யாரும் கழுவக் கூடாதாம், என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் கழுவவில்லை. கறுப்பு இப்போதைக்கு வராமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு உருளையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.