அடுத்த நிறுத்தம்: பள்ளி சிறைச்சாலை

என் மனைவிக்கு அவள் கம்பெனியில் பட்டப்பெயர் 'பூஜ்ஜியம்'. ஆசைக்கு ஒருநாள் நானும் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அன்றைக்கு என் தட்டிலும் அதுதான் இருந்தது.

பேருந்துக்குள் அடுத்த நிறுத்தத்தின் பெயர் சிவப்பு வெளிச்சத்தில் வருமே, அந்த மின்பலகையைச் செய்யும் சின்னக் கம்பெனி அது. பன்னிரண்டு வருடம் கீழ்த்தளத்தில் வயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பலகைக்குள் ஓடும் புரோகிராமை மாடியில் எழுதுவார்கள். தனக்கும் அது வரும் என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் அவ்வளவுதான், யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி அடுப்படியில் வைத்து, சோறு வேகும் நேரத்தில் 'சி' என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தாள். மூன்று வருடம். சோறு சில நாள் குழைந்தது, சில நாள் அடிப்பிடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் பொய். திறந்தேன், பலனில்லை.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கும் பாடம் நடந்தது.

"இங்க பாருங்க. ஒரு பேரை எழுதினா, அது வரிசையா கட்டம் கட்டமா போயி உக்காரும். எல்லாம் முடிஞ்சதும் கடைசிக் கட்டத்துல ஒரு பூஜ்ஜியம் வைக்கணும். பேரு முடிஞ்சிருச்சுன்னு அதுதான் அடையாளம்."

"வைக்கலேன்னா?"

"எங்க நிறுத்துறதுன்னு தெரியாது. அடுத்தடுத்த கட்டத்துல கிடக்கிற குப்பையெல்லாம் சேத்துப் படிச்சுக்கிட்டே போகும்."

"உங்க அக்காகிட்ட நீ போன் பேசுற மாதிரி."

கேரட் ஒன்று பறந்து வந்தது.

மாடிக்காரர்கள் விட்டுவிட்ட பூஜ்ஜியங்களை இவள் போய்ச் சுட்டிக்காட்ட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பட்டப்பெயர் வந்தது. கடைசியில் மேனேஜரே இறங்கி வந்தார். "புதுப் பலகைக்கு நீங்களே எழுதுங்கம்மா. சோதனை ஓட்டத்துல தேறிட்டா மாடில உங்களுக்கு ஒரு நாற்காலி. தேறலேன்னா பழைய மேஜைதான், அப்புறம் என்கிட்ட வந்து கேக்கக் கூடாது" என்றார்.

சோதனைக்கு அமைந்தது நான் ஓட்டும் பேருந்து. தற்செயல் என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். டிப்போவில் நான் யார் யார் காலைப் பிடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

போக்குவரத்து அலுவலகத்து அதிகாரி ஒருவர் கையில் படிவத்தோடு இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மடியில் லேப்டாப்போடு இவள். இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன், அன்று முதல் கியருக்குப் பதில் மூன்றாவதைப் போட்டேன்.

'டிப்போ' என்று வந்தது. 'பால் பண்ணை' என்று வந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். 'புதிய சிறைச்சாலை' என்று வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு. அடுத்தது கடைசி நிறுத்தமான பள்ளி. பலகை பளிச்சென்று காட்டியது: 'பள்ளி சிறைச்சாலை'.

வண்டியே குலுங்கியது. "இப்பதான் கரெக்டா போட்டிருக்காங்க!" என்று ஒருவன் கத்தினான். "டிரைவர் அண்ணே, எனக்கு ஜாமீன் எடுங்க!" என்றாள் இன்னொருத்தி. கூட வந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் பலகைக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு இறங்கினார்கள். திரும்பிக் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. நான் ஓடிப்போய் அவள் காதில், "வயர் லூஸுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

முறைத்தாள். "அந்த வயரை வச்சது என் பக்கத்து மேஜைக்காரி. பன்னெண்டு வருஷமா ஒரே டப்பால சாப்பிட்டிருக்கோம். அவ வேலைமேல பழி போடுவேனா?"

எழுந்து அதிகாரியிடம் போனாள். "சார், தப்பு என்னோடது. பேருக்குக் கடைசில பூஜ்ஜியம் வைக்க மறந்துட்டேன்."

ஊருக்கெல்லாம் பூஜ்ஜியப் பாடம் எடுத்தவள்! கம்பெனியில் ஒவ்வொரு பெயருக்கும் பலகையை அணைத்துப் புதிதாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். புதிதாகப் போட்டால் எல்லாக் கட்டத்திலும் பூஜ்ஜியமே இருக்குமாம், அதனால் குட்டு வெளிப்படவில்லை. ஓடும் வண்டியில் பழைய பெயரின் மேலேயே புதுப் பெயர் எழுதப்படுகிறது. அதுவரை வந்த ஒவ்வொரு பெயரும் முந்தையதைவிட நீளம், முழுதாக மூடிவிட்டது. பள்ளி குட்டிப் பெயர். மூடாமல் மிச்சம் கிடந்த சிறைச்சாலை பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அதிகாரி.

"ஒரே ஒரு வரி சார்."

தட்டினாள், பலகையில் கேபிளைச் செருகினாள், ஏற்றினாள்.  

திரும்பும்போது 'புதிய சிறைச்சாலை' சரியாக வந்தது. அது பெரிதில்லை. அடுத்த பெயர் அதைவிடச் சின்னது, கண்டம் அங்கேதான்.  'பால் பண்ணை'. பின்னால் வால் எதுவும் இல்லை. ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

அதிகாரி படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "வயர் கோளாறுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்மா. பலகையைக் கழட்டி அனுப்புங்கன்னு எழுதிட்டு இறங்கிப் போயிருப்பேன்" என்றவர், "எழுதியவர் பேருன்னு இங்க ஒரு இடம் இருக்கு. சொல்லுங்க" என்றார்.

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள்.

டிப்போவுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது. நான் வாசலிலேயே அதில் கை வைத்தவன், வண்டியை நிறுத்தும்வரை எடுக்கவில்லை. மறுநாள் அவளுக்கு மாடியில் நாற்காலி கிடைத்தது, எனக்கு மெமோ கிடைத்தது. அப்படி ஒரு சந்தோஷமான நாளை எங்கள் வீடு அதற்கு முன் பார்த்ததில்லை.