இஞ்சின் ஆறும்வரை

வெந்நீர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் வங்கிக்காரர்களைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனுஷன் எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி பறப்பார். சாப்பிட உட்கார்ந்தால் கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே கை கழுவப் போய்விடுவார். மகள் பள்ளியில் பரிசு வாங்கிய அன்று எடுத்த படத்தில் அவருடைய முதுகுதான் விழுந்திருக்கிறது. அதுவும் வாசலைப் பார்த்துப் போகிற முதுகு.

இப்பேர்ப்பட்டவர் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பொறுமையாகக் காத்திருப்பார். டீசல் இஞ்சின் ஆறுவதற்கு. டேப்பட் பார்க்க, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டிய காரை முந்தின நாளே தன் பட்டறையில் விட்டுவிடச் சொல்வார். "அவசரம்ணே, சூட்டோடயே பாத்துடுங்க" என்று எவனாவது வாயைத் திறந்தால் போச்சு.

"சூட்டுல இரும்பு உப்பியிருக்கும்யா. அப்ப வைக்கிற இடைவெளி அத்தனையும் பொய். நாளைக்கு வால்வு கருகினா நீயா வந்து நிப்ப?" என்று விரட்டி அடிப்பார்.

மறுநாள் காலையில் மேல்மூடியைக் கழற்றி, ஸ்பேனரால் இஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒவ்வொரு வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் மெல்லிய தகட்டை நுழைப்பார். தகடு லேசாகப் பிடித்துப் பிடித்து வரும்வரை ராக்கரில் உள்ள திருகைத் திருப்புவார். பிறகு திருகு நகராமல் இருக்க அதன்மேல் உள்ள நட்டை முறுக்கிவிட்டு, தெருவே அதிர "இறுக்கியாச்சு!" என்று ஒரு சத்தம் போடுவார். நான்கு சிலிண்டர் வண்டிக்கு எட்டு வால்வு, எட்டுச் சத்தம். பக்கத்துக் கடை வெல்டர், "அண்ணே, நட்டை இறுக்குறீங்களா, என் காதை இறுக்குறீங்களா?" என்று கேட்காத நாளில்லை.

அன்றைக்கு நின்றிருந்தது அவருடைய மனைவியின் தம்பி, அதாவது மச்சானுடைய பழைய டீசல் கார். மகளை அதில்தான் தூரத்து நகரத்துக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் காலை அவள் வேலையில் சேர வேண்டும். "யாரைக் கேட்டு அவ்வளவு தூரத்துல வேலை வாங்கினா?" என்று ஒரு வாரமாக வீட்டில் குதித்துக்கொண்டிருந்தார். கோபமாவது ஒன்றாவது, எல்லாம் பயம். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கடைசி வால்வில் கை வைத்திருந்தபோது அவள் பையோடு வந்து நின்றாள்.

"அப்பா, நான் கிளம்புறேன்."

சொல்ல நினைத்தது எவ்வளவோ. வாயில் வந்தது, "சரி, பெல்ட் போட்டுக்க." மளமளவென்று மூடியைப் போட்டு, பானட்டையும் சாத்திவிட்டார். அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்துச் சற்று நின்றாள். பிறகு வண்டி ஓட்டவிருந்த மாமா பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கார் போனபின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அப்போதுதான் வெல்டர் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, இன்னிக்கு ஏழோட நிறுத்திட்டீங்க?"

"என்ன ஏழு?"

"'இறுக்கியாச்சு'ங்கிற சத்தந்தான். கேட்டுக் கேட்டு காது தானா எண்ணுது. எட்டாவது வரவே இல்லையே!"

அவர் கண்ணை மூடி யோசித்தார். திருகைத் திருப்பியது நினைவிருக்கிறது, மகளின் முகம் நினைவிருக்கிறது, நட்டை முறுக்கியது மட்டும் நினைவில்லை. மகளுக்கு ஃபோன் போட்டார்.

"வண்டிய உடனே ஓரங்கட்டச் சொல்லு. இஞ்சினை அணைக்கச் சொல்லு."

"ஏம்ப்பா? இப்பதான் மாமாவும் ஏதோ டிக்டிக்குனு கேக்குதுன்னாரு."

பைக்கை எடுத்தவர் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனார். சாலையோர மரத்தடியில் கார் நின்றிருந்தது. மூடியைக் கழற்றினார். கடைசி நட்டு இரண்டு விரலுக்கே சுற்றியது.

"அத்தான், சட்டுனு இடைவெளிய வச்சு முறுக்கி விடுங்க. லேசான சூடுதானே?" என்றார் மச்சான்.

"ஆறட்டும்."

"பொழுது சாஞ்சிடுமே!"

"சாயட்டும். என் பொண்ணு போற வண்டி."

மச்சான் முணுமுணுத்துக்கொண்டே பின்சீட்டில் காலை நீட்டிக் குறட்டை விட ஆரம்பித்தார். வெந்நீர் எழுந்தார், நடந்தார், இஞ்சினைத் தொட்டார், கையை உதறினார், மறுபடி நடந்தார்.

"உக்காருப்பா. தலை சுத்துது எனக்கு" என்றாள் மகள்.

உட்கார்ந்தார். "தப்பு என் மேலதாம்மா. நீ கிளம்புறேன்னு சொன்னதும் எனக்குக் கையே ஓடல. பயந்துட்டேன்."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல? பெல்ட் போட்டுக்கன்னு சொல்ற!" சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. "இஞ்சினுக்கு ராத்திரி முழுக்கக் காத்திருப்ப. என்கூட இவ்வளவு நேரம் ஒரே இடத்துல நீ உக்காந்ததே இல்ல, தெரியுமா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவளே பேசினாள். வேலையைப் பற்றி, அங்கே தங்கப்போகும் அறையைப் பற்றி, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டதைப் பற்றி. அவளுக்கும் பயமாக இருந்ததாம். இது எதுவுமே தனக்குத் தெரியாதே என்று நினைத்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நிழல் காரைத் தாண்டி நீண்டது. மச்சான் எழுந்து, "ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

வெந்நீர் எழுவதற்குள் மகள் போய் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் சூடா இருக்கு மாமா."

வெந்நீரும் போய்க் கை வைத்துப் பார்த்தார். இரும்பு சில்லென்று இருந்தது. மகளைப் பார்த்தார்.

"ஆமா, கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்ப வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.