மண் வெட்டப் போன வளையல்கள்

எண்பதுகளில், வாழவந்தி போகிற வழியில் நாங்கள் ஒரு மனை வாங்கினோம். என் கணவருக்கு ஏற்காடு கடைத்தெருவில் மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில்தான் குடித்தனம். மூட்டைகளுக்கு நடுவே சமையல், மூட்டைகளுக்கு நடுவே தூக்கம். சொந்த வீடு என்ற பேச்சு வந்ததும், யாரும் கேட்காமலே வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். பாவி, அவ்வளவு ஆசை எனக்கு.

செலவுக்குத் திட்டம் போட்டவர் சேலத்திலிருந்த மாமனார். அங்கே இரண்டு வீடு கட்டிய பெருமை அவருக்கு. மலையேறினால் தலை சுற்றும் என்று மனையைப் பார்க்கவே வரவில்லை. செங்கல், சிமெண்ட், மரம், கொத்தனார் கூலி என்று எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கினார். நிலத்துக்கு ஒதுக்கியது முள் வெட்டவும் பூசை போடவும் மட்டும்.

"ஏனுங்க மாமா, எடம் நொம்ப சரிவா கெடக்குதுங்க. வெட்டி மட்டம் பண்ணோணும், கீழ்ப்பக்கம் மண்ணு சரியாம கல்லுக்கட்டு வெக்கோணும். அதுக்கு ஒண்ணும் போடலீங்களே?" என்று கேட்டேன்.

"ஊடு கட்ட எனக்கே சொல்லித் தர்றியா கண்ணு? மண்ணு வெட்ட என்ன பெருசா ஆயிரப்போவுது?"

என் கணவர் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா பேச்சை என்றைக்கு மீறினார்?

வேலை தொடங்க நல்ல நாளையும் மாமனாரே குறித்து அனுப்பினார். செம்மநத்தத்து ஆட்கள் பாதி மேட்டை வெட்டியிருந்தபோது சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. மண்வெட்டியைச் சாத்திவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சாமிக்கு முன்னால் எங்கள் வீடு எம்மாத்திரம்? அந்தச் சமயத்தில் ஆளும் கிடைக்காது, கோடை மழையும் கொட்டும் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். கணவருக்கும் தெரியும். அப்பாவிடம் சொல்லத்தான் தைரியமில்லை.

மழை கொட்டியது. வெட்டிய மேடு அப்படியே சரிந்து கீழேயிருந்த காப்பித் தோட்டத்தில் இறங்கியது. செடிகளுக்கு நஷ்டஈடு, மண்ணை அள்ளக் கூலி, மறுபடி வெட்டக் கூலி, கடைசியில் கல்லுக்கட்டு. நிலம் பலகை போல மட்டமானபோது செங்கல் வாங்கக் காசில்லை.

கொஞ்ச காலம் அதில் புல் முளைத்துக் கிடந்தது. பிறகு விற்றோம். வெட்டிய செலவையும் சேர்த்துக் கேட்டபோது, வாங்க வந்தவர் சிரித்தார்.

"எடத்துக்குத்தானுங்க வெல. மண்ணு வெட்டுனதுக்கெல்லாம் யாருங்க காசு குடுப்பாங்க?"

அவர் ஒரே மூச்சில் வீடு கட்டிக் குடியேறினார். நாங்கள் மூட்டைகளுக்கு நடுவிலேயே இருந்தோம்.

வாழவந்தியில் ஒரு கல்யாணத்துக்காக மாமனார் முதல்முறையாக மலையேறினார். பஸ் அந்த வீட்டைத் தாண்டும்போது, "இதானுங்கப்பா நம்ம எடம்" என்று கணவர் காட்டினார். மாமனார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"நல்லா மட்டமாத்தானே இருக்குது! இதுக்குப் போயா அத்தன செலவாச்சுன்னீங்க?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வெறுங்கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாமனார் தடுமாறினார்.

"அப்பாவுக்குத் தல சுத்துது, கையப் புடி" என்றார் கணவர்.

நான் பிடிக்கவில்லை.